சேலத்து வீட்டுக்கு எத்தனை வாளி வெந்நீர் வேண்டும்?

சேலம், நாமக்கல் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு நாள் வரும். சுவர் எழும்பி, மேலே கான்கிரீட்டும் போட்டாயிற்று, பூச்சு வேலை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. பிளம்பர் குளியலறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே கேட்பார்: "கீசருக்குப் பாயிண்ட் விடட்டுங்களா, இல்ல சோலாருக்கு லைன் இழுக்கட்டுங்களாண்ணா?" வீட்டுக்காரர் அந்த நேரத்தில் சிமெண்ட் மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பார். "ரெண்டுக்குமே விட்டுருப்பா" என்பார். முடிந்தது கதை. அடுத்த இருபது வருடம் அந்த வீட்டில் யார், எப்போது, எதில் காய்ந்த தண்ணீரில் குளிக்கப் போகிறார்கள் என்பது அந்த அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

டைல்ஸ் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். வாசக்காலுக்குத் தேக்கா, வேங்கையா என்று மாமன் மச்சான் எல்லோரிடமும் கேட்பார்கள். வெந்நீருக்கு மட்டும் கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. கடைக்காரர் என்ன சொல்வார்? "நாலு பேருக்கு 200 லிட்டர் போட்டுருங்க, நாளைக்கு விருந்தாளி வந்தாலும் ஆகும்." நாளைக்கு வரப்போகும் விருந்தாளிக்காக இன்றைக்கே தண்ணீர் காய வைக்கிற வழக்கம் வேறு எந்த ஊரிலாவது இருக்கிறதா தெரியவில்லை :-)

குளிர் நாடுகளில் இந்தக் கேள்வி உண்மையிலேயே பெரிது. அங்கே வெந்நீரும் வீட்டைச் சூடாக்குவதும் ஒரே பாய்லரில் நடக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஜனவரியில் வீடே உறைந்துபோகும். நம் சமவெளியில் மனிதர் வாழும் வீட்டைச் சூடாக்கும் பேச்சே கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடித் தளம் இறக்குகிற சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் கவலை. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் வேண்டுமானால் அது வேறு கணக்கு. நாமக்கல் மாவட்டத்தில் காசு கொடுத்துச் சூடாக்கப்படும் வீடு ஒன்றே ஒன்று, அது கோழிக்குஞ்சு வளர்க்கும் கொட்டகை. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வருவார்கள். எத்தனை குஞ்சு, எத்தனை நாள், எவ்வளவு சூடு, எவ்வளவு செலவு என்று பண்ணைக்காரர் விரல் நுனியில் வைத்திருப்பார். அதே பண்ணைக்காரர் தன் வீட்டுக் குளியலறைக்கு வந்தால் "பெருசாவே போட்டுருங்க" என்கிறார். கோழிக்குப் போடுகிற கணக்கை மனிதனுக்கும் போட்டால் என்ன?

போட்டுப் பார்க்கலாம். கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம், ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

ஒருவர் குளிக்க ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர். குளிக்க இதமான சூடு 42 டிகிரி. சேலத்தில் ஜனவரி விடியலில் காற்றின் சூடு 18, 19 டிகிரிக்கு இறங்கும். மாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். (அப்போதே மோட்டார் போட்டு எடுத்த போர் தண்ணீர் இதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். காட்டில் கிணற்றடியில் குளிக்கிற விவசாயிகள் மார்கழியிலும் நடுங்காத ரகசியம் அதுதான்.) ஆக, ஏற்ற வேண்டியது 18 டிகிரி. இருபதைப் பதினெட்டால் பெருக்கினால் 360 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. ஆக ஒரு குளியலுக்கு அரை யூனிட்கூட ஆகவில்லை, 0.42 தான். நாலு பேருக்கு 1.7 யூனிட். கலனிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்து இரண்டு யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. அந்த இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்.

இந்த 120 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கடைக்காரர் சொல்வதில் எது சரி, எது புளுகு என்று தானாகவே தெரிந்துவிடும்.

சரி, 120 யூனிட்டுக்கு என்ன செலவு? இங்கேதான் சுவாரஸ்யம். ஒரே அளவு வெந்நீர், ஒரே ஊர், ஒரே தெரு, ஆனால் வீட்டுக்கு வீடு விலை வேறு. தமிழ்நாட்டு மின்கட்டணம் ஒரு படிக்கட்டு. 2016ல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்தது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது வந்த படிகள் இவை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை ரூ. 2.25, 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த ரூ. 2.25 படி காணாமல் போய், 101லிருந்தே ரூ. 4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை ரூ. 8, அதற்கு மேல் 9, 10, 11 என்று ஏறும். (2024 ஜூலையில் விகிதம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆனால் கணக்குப் புரிய 2022ன் முழு எண்களே வசதி.)

குளிர்காலத்தில் 250 யூனிட் ஓட்டுகிற வீடு ஒன்று. பில் 450 ரூபாய். கீசரின் 120 யூனிட் சேர்ந்து 370 ஆனால் பில் 990. வெந்நீரின் விலை 540 ரூபாய். பக்கத்து வீடு ஏற்கெனவே 480 ஓட்டுகிறது, பில் 1,605. அங்கேயும் அதே 120 சேர்ந்து 600 ஆனால் பில் 2,750. வெந்நீரின் விலை 1,145 ரூபாய்! இரண்டு வீட்டிலும் அதே கீசர், அதே நாலு குளியல். "கீசர் கரண்டை உறிஞ்சிடும்" என்று முதல் வீட்டுக்காரரிடம் சொன்னால் அது பொய், இரண்டாம் வீட்டுக்காரரிடம் சொன்னால் மெய்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஒரு வீடு ஐந்நூறைத் தாண்டுவது பெரும்பாலும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில், ஏசியாலும் ஃபேனாலும். அப்போது வெந்நீரை யாரும் சீந்துவதில்லை. மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாலே கை சுடும். வெந்நீர் வேண்டியிருப்பது ஏசி போர்வைக்குள் தூங்கும் கார்த்திகை முதல் மாசி வரை. ஆக, இந்தச் சமவெளியில் கீசர் ஓடுவது மின்கணக்கின் மலிவான படிகளில்தான். கோடையின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கீசர் வேண்டாம் என்று முடிவெடுப்பது, பங்குனி வெயிலைப் பார்த்துக் கம்பளியை விற்கிற மாதிரி. ஜனவரி பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது சோலாருக்கு வருவோம். சோலார் என்றாலே நல்லது, அதைக் குறை சொன்னால் பாவம் என்கிற மாதிரி ஒரு பேச்சு உண்டு. வெயிலை நம்புவதில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் ஏக்கர் கணக்கில் சிமெண்ட் களம் போட்டு, மரவள்ளி மாவை வெயிலில்தான் காலங்காலமாகக் காய வைக்கிறார்கள். ஆனால் ஆலைக்காரருக்குக் காயப்போட மாவு நாள்தோறும் வருகிறது. வீட்டுக்காரருக்கு?

100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சப்படுத்தும் என்று அரசுத் துண்டுப் பிரசுரங்கள் சொல்வது வழக்கம். அது பொய்யில்லை. 100 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றி, அதை 365 நாளும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பயன்படுத்தினால் ஏறக்குறைய அந்த எண் வரும். நாலு மாதம் மட்டும் வெந்நீரில் குளிக்கிற வீட்டில் மிச்சமாவது 240 யூனிட். யூனிட்டுக்கு ரூ. 4.50 என்றால் 1,080 ரூபாய். கலனுக்கும் குழாய் வேலைக்கும் இருபதாயிரம்தான் ஆயிற்று என்று குறைத்தே வைத்தாலும் போட்ட பணம் திரும்ப 18 வருடம். வடகிழக்குப் பருவமழை பெய்கிற ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வானம் மூடிக்கொண்டால் அதற்கென்று ஒரு கீசர் எப்படியும் வேண்டும். மத்திய அரசு கொடுத்துவந்த மானியமும் 2014ல் நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் அறிவித்த சூர்ய கர் திட்டத்தின் மானியம் மின்சாரம் எடுக்கிற சூரியத் தகடுகளுக்கு. வெந்நீர்க் கலனுக்கு அல்ல. இரண்டும் "சோலார்" என்பதால் கடைவாசலில் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் வீட்டுக்குச் சோலாரே வேண்டாமா? வேண்டும், சில வீடுகளுக்கு. ஏழெட்டுப் பேர் இருக்கிற கூட்டுக்குடும்பம், வருடம் முழுக்க வெந்நீரிலேயே குளிக்கிற வயதானவர்கள், கைக்குழந்தை, பிள்ளை பெற்று வந்த மகள், இப்படி நாள் தவறாமல் செலவாகும் வீடு என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 2012ல் சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் நாளுக்குப் பாதிக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், மாடியில் சோலார் வைத்திருந்தவர்கள் மட்டும் நிம்மதியாகக் குளித்தார்கள் என்பதும் நியாயமான வாதம்தான்.

போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, தண்ணீரை. இந்தப் பகுதி பாறைநிலம். ஆழ்குழாயில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர் என்று ஊரில் சொல்கிற கடினநீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. சேலம், நாமக்கல் போர்கள் பலவற்றின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய ஆய்வகம் போக வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை பூத்திருக்கும். குடிக்க மேட்டூர்க் காவிரி, குளிக்கப் போர் தண்ணீர் என்பதுதான் பல வீடுகளின் ஏற்பாடு.

இந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு விசித்திரக் குணம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது சூடேற ஏறப் பிரிந்து படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் ஓடு மாதிரி கட்டுகிற வெள்ளைப் படிவு இதுதான். இப்போது சோலாரில் இரண்டு வகை. ஒன்று தட்டையான கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய செம்புக் குழாய்கள் ஓடுவது. நல்ல உழைப்பாளி, ஆனால் கடினநீர் அந்தச் சிறு குழாய்களைச் சில வருடத்தில் அடைத்துவிடும். இன்னொன்று, காற்றை உறிஞ்சியெடுத்த இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழல்கள், வெளி விட்டம் 47 அல்லது 58 மில்லிமீட்டர். இதிலும் படிவு சேரும், ஆனால் வழி அகலம், உடனே அடைக்காது. வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவலாம். குரங்கோ பந்தோ உடைத்தால் அந்த ஒரு குழலை மட்டும் மாற்றினால் போதும். போர் தண்ணீர் வீட்டுக்குக் குழல் வகைதான். செம்புத் தட்டுதான் வேண்டும் என்றால் வெப்பப் பரிமாற்றி வைத்தது என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிளம்பர் கோடு போடும்போதே சொல்ல வேண்டியதும் உண்டு. சாதாரண சோலார் கலனுக்குள் தண்ணீர் தானாகப் பாய வேண்டுமானால் மாடித் தொட்டியின் அடிமட்டம் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கருப்புத் தொட்டியைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு அப்புறம் இரும்பு ஸ்டாண்டு அடிக்கிற வீடுகள் ஏராளம். அடுத்தது குழாயின் நீளம். மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் மட்டும் நாலரை, ஐந்து லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு காலையும் அந்த ஆறிய தண்ணீர் ஓடி முடிந்தபின்தான் வெந்நீர் வரும். போர் வற்றுகிற ஊரில் அதைச் சாக்கடைக்கு விடுவது கொடுமை. ஒரு வாளியில் பிடித்து வைக்கலாம்.

கீசரிலும் தண்ணீரின் வேலை உண்டு. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி தொங்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் பிழைப்பு. (சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெட்டியெடுக்கிற மேக்னசைட்டில் இருப்பதும் அதே தனிமம்தான்.) ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், கையேட்டைப் பிரித்தவர்கள்தான் குறைவு. நாலு பேர் வீட்டுக்கு 15 லிட்டர் கீசர் தாராளம். உள்ளே 60 டிகிரிக்குக் காய்ந்தது வாளியில் பச்சைத்தண்ணீரோடு கலந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சூட்டுத் திருகை 50, 55ல் வைத்தால் சுண்ணாம்பும் குறைவாகப் படியும். நட்சத்திர முத்திரை சொல்வது, காய்ந்த தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான். போட்டு, குளித்து, உடனே அணைக்கிற வீட்டில் அதனால் பெரிய வித்தியாசம் வராது.

இவ்வளவு பேசியும் விறகை விட்டுவிட்டால் கிராமத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். பொடக்காலியில் மூன்று கல் வைத்த தண்ணி அடுப்பு, மேலே கரிபிடித்த அண்டா. எரிப்பது காசு கொடுத்து வாங்கிய விறகல்ல. தென்னை மட்டை, பன்னாடை, கிழங்கு பிடுங்கியபின் காய்ந்த மரவள்ளிக் குச்சி, வேலியோரச் சீமைக்கருவேல். வசதியான வீடுகளில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் குழாய், அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர். தீயைத் தண்ணீரே அணைத்துக்கொண்டிருப்பதால் சூடு அதிகம் வீணாகாது. மூன்று கல் அடுப்பு அப்படியல்ல, எரிகிற சூட்டில் ஏழில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனால் பெரிது. அந்த நாலு குளியலுக்கு நாளுக்கு இரண்டரை, மூன்று கிலோ விறகு.

"செலவே இல்லாத வெந்நீர்" என்று இதைப் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் ஆண்கள். அந்த அடுப்பை நாலரை மணிக்கு எழுந்து பற்ற வைப்பவர் யார்? மழையில் நனைந்த மட்டையை ஊதி ஊதிக் கண் கலங்குபவர் யார்? நாலு பேருக்கும் காய வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் அண்டாவின் அடியில் மிஞ்சிய வெதுவெதுப்பில் குளிப்பவர் யார்? அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் யூனிட் கணக்குப் போட்டதில்லை. அரசாங்கக் கணக்கிலும் அது வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்டது சமைக்கிற எரிபொருளை. 2007ல் தமிழக அரசு கொடுத்த இலவச காஸ் அடுப்பு சமையலறைக்குள் வந்ததும் அந்த வீடு காஸ் வீடாகிவிட்டது. பின்பக்கம் அண்டாவின் கீழே புகை போய்க்கொண்டேதான் இருந்தது. திறந்தவெளி என்பதால் சமையலறைப் புகையைவிடக் கேடு குறைவு, அது உண்மை. தீபாவளி விடியலுக்கும், நொச்சித் தழை போட்டுக் காய்ச்சுகிற பிள்ளைபெற்றவள் குளியலுக்கும், விருந்தாளிக் கூட்டத்துக்கும் அந்த அடுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். தினசரிக்கு அது மலிவு என்று சொல்ல வேண்டியவர், பற்ற வைப்பவர் மட்டுமே.

காஸ் அடுப்பில் குண்டா வைத்துக் காய்ச்சுவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டு மாதக் குளியலுக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டரே கரைந்துவிடும். கொதிக்கிற குண்டாவைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடக்கிற ஆபத்து வேறு. காஸ் கீசர் இதைவிடச் சிக்கனம், உடனே சுடச்சுட வரும். ஆனால் ஆளைக் கொல்லும். சன்னல் சாத்திய சின்னக் குளியலறைக்குள் அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. சிலிண்டர் கசிந்தால் நாறும், வேண்டுமென்றே வாசனை சேர்த்திருக்கிறார்கள். இதற்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், பிறகு மயக்கம்; தாழ்ப்பாள் உள்பக்கம். 2023 மார்ச்சில் ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப்போன மும்பைத் தம்பதி ஒருவர் குளியலறையிலேயே இறந்துகிடந்தார்கள். காஸ் கீசர்தான் காரணமாக இருக்கும் என்று போலீசார் சந்தேகித்தார்கள். காஸ் கீசர் வைத்தே ஆக வேண்டுமானால் அதன் இடம் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில். உள்ளே என்று பிளம்பர் சொன்னால் பிளம்பரை மாற்றலாம்.

மின்சாரம் மட்டும் சாதுவா? கீசரைவிட மலிவான காயில் இருக்கிறதே, வாளியில் தொங்கவிடுகிற அந்தக் கம்பிச்சுருள். சூடு ஆயிற்றா என்று விரலை விட்டுப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். காயிலில் நுண்ணிய விரிசல் இருந்து, வாளி எவர்சில்வராகவும் இருந்தால் அந்த விரலோடு சரி. சுவிட்சை அணைப்பதோடு பிளக்கையும் பிடுங்கியபின்தான் தண்ணீரைத் தொட வேண்டும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கிற கசிவு காப்பானைப் பொருத்துவது, பெரிய கீசருக்கும் சின்னக் கீசருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் முடிகிற வேலை. எர்த் குழி என்று ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும்; பாறை மேல் செம்மண் கிடக்கிற இந்த நிலத்தில் அது வறண்டால் பெயருக்குத்தான் எர்த். மாதம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

காயில் என்றதும் விடுதி நினைவுக்கு வராதவர்கள் இந்தப் பகுதியில் படித்தவர்களாக இருக்க முடியாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் பிளஸ் டூவுக்குப் பேர்போன உறைவிடப் பள்ளிகளும் பொறியியல் கல்லூரி விடுதிகளும் நிறைந்த பூமி. ஐந்து மணிக்கு ஸ்டடி என்றால் நாலரைக்குக் குளியல். ஃபேனுக்கும் விளக்குக்கும் இழுத்த மெல்லிய ஒயர், 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட். அதில் 1,500 வாட் காயிலை மாட்டினால் இழுப்பது ஆறரை ஆம்பியர். பிளக் இல்லையென்றால் ஒயரின் நுனியைச் சீவித் துளையில் சொருகி, மேலே இரண்டு தீக்குச்சி. வார்டன் செருப்புச் சத்தம் கேட்டால் கொதிக்கிற காயில் கட்டிலுக்கடியில் பெட்டிகளுக்கு நடுவே போகும். பிடிபட்டால் அபராதம், பெற்றோருக்குப் போன். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அளவுக்குக்கூட ஆசைப்படாமல், காய்ச்சலுக்குப் பின் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கிற பையனுக்கு விடுதி வைத்திருக்கும் வழி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டில் 18 வருடம் இழுத்த சோலார் கணக்கு இங்கே போட்டால் எப்படி இருக்கும்? 300 மாணவர்கள், ஆளுக்கு ஒரு வாளி, நாளுக்கு 126 யூனிட் வெப்பம், வருடத்தில் பத்து மாதம். வாளியில் பாதி பச்சைத்தண்ணீர் கலக்கும் என்பதால் 60 டிகிரித் தண்ணீர் 3,000 லிட்டர் போதும். அதற்கு வேண்டிய சேகரிப்பான் ஏறக்குறைய 60 சதுர மீட்டர். விடுதி மொட்டை மாடியில் அதைப்போலப் பல மடங்கு இடம் துணி காயப்போடக்கூட அனுமதியில்லாமல் சும்மா வெயிலில் காய்கிறது. மழைநாளுக்கு வெப்பப் பம்பு வைக்கலாம். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தருகிற, ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரியான எந்திரம். சேலம் மாதிரி வெதுவெதுப்பான ஊரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் எடுக்கும், 126க்கு 42 போதும். பங்களூரில் வீடு கட்டுகிறவர்களிடம் சோலார் வெந்நீர் கேட்கிறார்கள் என்று இங்கே வியந்து பேசுகிறவர்கள், அதைக் கேட்க வேண்டிய இடம் நாலு பேர் வீடா, 300 பேர் விடுதியா என்று பார்க்க வேண்டும்.

சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் மார்க் பட்டியல் பார்க்கிறார்கள், மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள், வகுப்பில் ஏசி உண்டா என்று கேட்கிறார்கள். வெந்நீரைப் பற்றிக் கேட்கிறவர் யாராவது இருந்தால், "வாரம் ஒருநாள் விடுவோம்ங்க" என்று பதில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், பையனின் பெட்டியில் துண்டுக்கடியில் ஒரு காயிலைச் சுருட்டி வைத்து அனுப்புவதும் அதே பெற்றோர்தான்.